ஜீஸ் பெண்ட் ஒட்டுப்போர்வைகள்: தைக்கும் கையின் தீர்மானம்

1. ஆய்வுப் பொருள்

ஒட்டுப்போர்வை தைக்க இரு வழிகள் உண்டு. வரைபடத்தை முதலில் முடிவு செய்து, அதற்கேற்பத் துணியை அளந்து வெட்டுவது ஒன்று. மிஞ்சிய துண்டுகளைத் தரையில் பரப்பி, மாற்றி மாற்றி வைத்துப் பார்த்து, தைக்கத் தைக்க வடிவத்தைக் கண்டடைவது மற்றொன்று. இந்த இரண்டாம் வழியைக் கைபோன போக்கு என்று ஒதுக்குவோர் உண்டு. அது பிழை. ஒவ்வொரு துண்டுக்கும் புதிதாகத் தீர்மானிக்கும் உரிமையே இக்கலையின் உயிர் என்பது இக்கட்டுரையின் துணிபு. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்திலுள்ள ஜீஸ் பெண்ட் ஊரின் போர்வைகளை இதற்குச் சான்றாகக் கொள்கிறோம்.

2. களம்

அலபாமா ஆறு மூன்று புறமும் வளைந்தோடும் சிற்றூர் இது. 1816இல் ஜோசப் ஜீ இங்கே பருத்தித் தோட்டம் அமைத்தார். 1845இல் அது மார்க் பெட்வேயின் கைக்கு மாறியது. அடிமைகளாக உழைத்த கறுப்பின மக்கள்மேல் அவருடைய பெயரே குடும்பப் பெயராக ஏறியது. ஊரில் இன்றும் பலர் பெட்வேக்களே. விடுதலைக்குப் பின்னும் அவர்களின் வழித்தோன்றல்கள் வாரத்துக்கு உழுது அங்கேயே வாழ்ந்தனர். பலகை இடுக்கில் குளிர் புகும் குடிசைகளில் ஒருவருக்கு ஒரு போர்வை போதாது; கடைத்துணி வாங்கவோ காசில்லை. தேய்ந்த வேலையுடுப்புகளும் வெறும் மாவு மூட்டைகளும் போர்வைகளாயின.

3. அமைப்பு முறைகள்

3.1 ஹவுஸ்டாப்: கூரை என்று பொருள். நடுவில் ஒரு துண்டு. அதைச் சுற்றி நாற்புறமும் பட்டைகள். அதற்கு வெளியே மேலும் ஒரு சுற்று. பட்டைக்குத் துணி எட்டவில்லையெனில் வேறு நிறத்தில் ஒட்டு விழும். பார்ப்பவர் கண் அங்கேதான் நிற்கும்.

3.2 லேசி கேல்: நீண்ட பட்டைகளைப் பக்கம் பக்கமாக இணைப்பது.

3.3 மை வே: என் வழி என்று பொருள். தெரிந்த வடிவத்திலிருந்து விலகித் தைப்பவர் தாமே வகுத்துக்கொள்வது.

இம்மூன்றிலும் ஒழுங்கு உண்டு. ஆனால் அது துணிக்கு முன்பே வந்து காத்திருப்பதில்லை; இருக்கும் துணியோடு பேசிப் பிறக்கிறது.

4. துணி சுமக்கும் வாழ்வு

பழைய ஜீன்ஸைப் பிரித்தால் பை இருந்த இடம் மட்டும் வெளுக்காமல் அடர்நீலமாக நிற்கும். முழங்கால் பகுதி நைந்து வெளிறியிருக்கும். ஜீஸ் பெண்ட் பெண்கள் இந்தத் தடங்களை மறைக்கவில்லை, அவற்றையே நிறவேறுபாடாக்கினர். 1942இல் கணவர் இறந்தபின் மிசோரி பெட்வே அவருடைய வேலையுடுப்புகளைக் கொண்டே ஒரு போர்வை தைத்தார். மகள் அர்லோன்சியா உடனிருந்து உதவினார். கணவரின் நினைவைப் போர்த்திக்கொள்ள வேண்டும் என்பதே அந்தத் தாயின் விருப்பம். அந்தத் துண்டுகளைக் கடையில் வாங்கியிருக்க முடியாது.

5. ஒரே துணி, இரு விளைவுகள்

நம் துணிபுக்கு மிக வலுவான சான்று கார்டுராய் என்னும் வரித்துணி. கறுப்பின மக்களின் குடிமை உரிமைப் போராட்டக் காலத்தில், 1966இல், இப்பகுதிப் பெண்கள் ஃபிரீடம் குயில்டிங் பீ என்ற கூட்டுறவைத் தொடங்கினர். 1972இல் சியர்ஸ் நிறுவனத்துக்குக் கார்டுராய்த் தலையணை உறை தைக்கும் ஒப்பந்தம் கிடைத்தது. வருமானம் வந்தது. ஆனால் உறைகள் ஒன்றுபோல் இருக்கவேண்டும். தைப்பவர் தீர்மானிக்க அதில் இடமில்லை.

வெட்டி மிஞ்சிய கார்டுராய்த் துண்டுகள் வீடுகளுக்குச் சென்றன. அது தடித்த துணி. சிறுசிறு துண்டாக்கினால் மடிப்பு புடைக்கும். எனவே அகன்ற துண்டுகளாகவே இணைத்தனர். அதன் வரிகளைக் குறுக்கும் நெடுக்குமாகத் திருப்பி வைக்க, ஒரே நிறம் ஒளியில் இரண்டாகத் தெரிந்தது. கையும் துணியும் அவையேதான். தீர்மானம் எவருடையது என்பதே மாறியது.

6. முடிவுரை

2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும், பின்னர் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் இப்போர்வைகள் சுவரேறின. 2006இல் இவற்றின் படங்களுடன் பத்து அஞ்சல்தலைகள் வெளிவந்தன. இந்தப் பெருமை தகும். ஆனால் சுவருக்கு வருமுன்பே இவை கலையாகத்தான் இருந்தன. நிலமும் விலையும் நெடுங்காலம் பிறர் கையில் இருந்த வாழ்வில், எந்தத் துண்டுக்குப் பக்கத்தில் எந்தத் துண்டு என்பதை மட்டும் அப்பெண்களே தீர்மானித்தார்கள்.