வினா எழுப்புவார் யார்? சட்டசபையும் தோட்டத் தொழிலாளர் துயரும்

அரசாங்கத்தை நோக்கி வினா எழுப்புதல் சட்டசபை உறுப்பினர்க்கு உரிய பழைய உரிமை. வினாவை முன்னரே எழுத்தில் அறிவித்தல் வேண்டும். அமைச்சர் சபையில் விடையிறுத்தல் வேண்டும். இரண்டும் ஹன்சாட் ஏட்டிற் பதிவாகும். எமது மாத்தளையின் பொருட்டு இலண்டனிலேயே வினாக்கள் எழுந்தமை மாணவர் அறியத்தக்கது. 1848ஆம் ஆண்டுக் கிளர்ச்சி அடக்கப்பட்ட முறையை ஆராயக் காமன்ஸ் சபை மறு ஆண்டே குழுவொன்றை அமைத்தது. தேசாதிபதி டொரிங்டன் பதவி துறக்க நேர்ந்தது.

அதே காலத்தில் மன்னாரிலிருந்து தம்புள்ளை, நாலந்தை வழியாக மாத்தளைக்கு நடந்துவந்த தென்னிந்தியத் தொழிலாளர் பலர் வாந்திபேதியாலும் பசியாலும் வழியிலேயே மடிந்தனர். தோட்டத் துரைமார்க்குச் சட்டநிரூபண சபையிற் குரல் இருந்தது. இவர்க்கோ பிரதிநிதி எச்சபையிலும் இலர்.

1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது. அட்டன் தொகுதியிற் போட்டியின்றித் தெரிவான பெரி சுந்தரம் தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சரானார். அவர் காலத்தில், 1934இல், வேலையாள் நட்டஈட்டுச் சட்டம் நிறைவேறிற்று. குடும்பத்தைத் தாங்கியவன் வேலையில் நேர்ந்த விபத்தால் இறப்பின், அவன் மனைவி மக்கள் நட்டஈடு கேட்கலாம். ஈண்டு 'விபத்து' என்னும் சொல்லை ஊன்றி நோக்குக. அவ்வாண்டு இறுதியில் மலேரியாக் கொள்ளைநோய் பரவி, 1935 முடியுமுன் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கவர்ந்தது. காய்ச்சலால் மாண்டவனின் விதவைக்கு இச்சட்டத்தால் ஒரு சதமும் இல்லை! மலேரியா நிவாரணப் பணியில் ஊர் ஊராக அலைந்த என். எம். பெரேராவும் பிலிப் குணவர்த்தனாவும் 1936இல் அரசாங்க சபை புகுந்தனர். நோயாளியின் பாயருகே நின்றவர் கேட்கும் வினாவுக்குத் தனி வலிமை உண்டென்பது என் துணிபு.

1939இல் பிரசவ உதவிச் சட்டமும் வறியோர் சட்டமும் வந்தன. பின்னது பொறுப்பை மாநகரசபைகளிடம் விட்டமையால், மாத்தளைத் தோட்டத்து ஏழைக்கு அதன் நிழல் எட்டவில்லை.

1947இல் இலங்கை இந்தியர் காங்கிரசார் எழுவர் பாராளுமன்றஞ் சென்றனர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டு வாக்குரிமைத் திருத்தமும் அவர்க்கு வாக்களித்தோரை இடாப்பிலிருந்து நீக்கின. 1952இல் அவ்வணியில் ஒருவரும் தெரிவாகவில்லை. இதனை மான இழப்பென்றே எழுதுவர். யான் வினா இழப்பென்பேன். வாக்கில்லாதான் வீட்டுச் சாவுக்கு எவ்வமைச்சர் விடை சொல்வார்? எஸ். தொண்டமான் 1960இல் நியமன உறுப்பினராய் மீண்டார். மக்கள் வாக்கால் வெல்ல 1977 ஆயிற்று.

நிற்க. அவ்விடைக்காலத்தில் லயத்தில் மரணம் நேரின் அயலாரே பணந் திரட்டி அடக்கஞ் செய்தனர். அத்தகைய கணக்குக் கொப்பி ஒன்றை என் மாணவனொருவனின் பாட்டனார் காட்டினார். இறந்தவர் பெயரை மேலே எழுதி, கொடுத்தோர் பெயர்களுக்கு நேரே ஐம்பது சதம், ஒரு ரூபாய் எனக் குறித்திருந்தனர். சில பெயர்களுக்கு நேரே தொகை எதுவும் இல்லை. 'விறகு' என்று மட்டும் இருந்தது.