உயிர்வாயுவின் இரு முகங்கள்

அடுப்பில் எரியும் நெருப்பு சோறு சமைக்கிறது. அதன் பொறி கூரையிற் பட்டால் குடிசையே சாம்பலாகிறது. மாணவ நண்பர்களே, நம் உடலுக்குள்ளும் அத்தகைய நெருப்பு ஒன்று உண்டு. நாம் மூச்சில் இழுக்கும் ஆக்ஸிஜன், உயிரணுக்களில் உணவை எரித்து ஆற்றல் அளிக்கிறது. அப்போது அதில் ஒரு சிறு பகுதி, கண்டதனோடெல்லாம் விரைந்து வினைபுரியும் பொறிகளாக மாறிவிடுகிறது. சூப்பராக்சைடும் ஹைட்ரஜன் பெராக்சைடும் அப்பொறிகளிற் சில. இவற்றுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள உறவை அறிஞர்கள் உணர்ந்த வரலாறு சுவையானது, படிப்பினை நிறைந்தது.

1954இல் ரெபேக்கா கெர்ஷ்மன் என்னும் அர்ஜென்டினா நாட்டு அம்மையாரும் அவருடைய துணைவர்களும் புதிய கருத்தொன்றை வெளியிட்டனர். அளவு மீறிய ஆக்ஸிஜனும் எக்ஸ் கதிர்களும் உடலுக்கு இழைக்கும் தீங்கு, இப்பொறிகள் வாயிலாக ஒரே வழியில் நிகழ்கிறது என்பதே அது. 1969இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் மெக்கார்டு, பிரிடோவிச் என்னும் இருவர், சூப்பராக்சைடை அகற்றும் நொதி ஒன்று உடலிலேயே இருப்பதைக் கண்டறிந்தனர். காவலன் இருக்கிறான் என்றால், கள்வனும் இருக்கத்தானே வேண்டும்!

இப்பொறிகள் மரபுப் பொருளான டி.என்.ஏ.யைத் தாக்கிப் பழுதாக்கும். அப்பழுதிலிருந்து புற்றுநோய் முளைக்கக்கூடும். ஆகவே, பொறிகளை அணைக்கும் பொருள்களை மாத்திரையாக விழுங்கினால் நோயைத் தடுக்கலாம் என்று பலர் நம்பினர். நியாயமான எண்ணந்தான். ஆனால் சோதனை என்ன சொல்லிற்று?

பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆடவர் 29,133 பேரைக் கொண்டு பெரியதொரு சோதனை நடந்தது. சிலருக்குப் பீட்டா கரோட்டின், சிலருக்கு வைட்டமின் ஈ, சிலருக்கு இரண்டும், ஏனையோருக்கு வெறும் மாத்திரை. 1994இல் முடிவு வெளிவந்தபோது உலகம் திடுக்கிட்டது. பீட்டா கரோட்டின் உண்டவரிடையே நுரையீரற் புற்றுநோய் குறையவில்லை. 18 சதவீதம் மிகுந்திருந்தது! அமெரிக்காவில் நடந்த இது போன்ற வேறொரு சோதனையிலும் தீமையே தென்பட்டதால், 1996இல் அதனை இடையிலேயே நிறுத்திவிட்டனர்.

பொறிகளை அணைக்க முயன்றால் நோய் தணியாமற் போவானேன்? பின்னர் வந்த ஆராய்ச்சிகள் ஒரு விளக்கம் தந்தன. புற்றணுக்களில் இப்பொறிகள் இயல்பைவிட மிகுதி. ஓரளவு வரையில் அவை புற்றணுவைப் பெருகத் தூண்டுகின்றன. எல்லை கடந்தாலோ அதனையே கொன்றுவிடுகின்றன. அதனால் புற்றணு, குளூட்டாதையோன் போன்ற தணிப்புப் பொருள்களைத் தானே சேர்த்து வைத்துத் தன்னைக் காத்துக்கொள்கிறது. நாம் விழுங்கும் மாத்திரை அதற்குத் துணைபோகவும் கூடும். 2014இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் நுரையீரற் புற்றுடைய எலிகளுக்கு வைட்டமின் ஈ கொடுத்தபோது, கட்டிகள் விரைந்து வளர்ந்தன. கதிர்ச் சிகிச்சையோ அதே பொறிகளைப் பெருக்கித்தான் புற்றணுவை அழிக்கிறது.

நண்பனா, பகைவனா என்று ஒரே சொல்லில் தீர்ப்புக் கூறுவதற்கில்லை. அளவும் இடமுமே தீர்மானிக்கின்றன. அழகிய கருத்தாயினும் சோதனையில் தேறிய பின்னரே அது அறிவியல் ஆகும். பின்லாந்து நாட்டு ஆடவர் தம் உடலையே பணயமாக்கி உலகுக்கு ஈந்த பாடம் இது.