"ஒயில் மாத்தினீங்களா?" : நின்றுபோன எஞ்சின்களின் ஒரு சின்ன வரலாறு

நிவித்திகல டவுனிலிருந்து மேலே தோட்டத்துக்கு ஏறுகிற ரோட்டில் ஒரு மோசமான முடக்கு இருக்கிறது. 2023 மழைக்காலத்தில் அந்த முடக்கில்தான் எங்களோடு எழுதுகிற தம்பி ஒருவருடைய மாமாவின் வண்டி நின்றது. சின்ன எஸ்யூவி, ஜப்பானிலிருந்து ரீகண்டிஷனாக வந்தது. எந்தக் கம்பனி என்று இங்கே சொல்லவில்லை. பின் சீட்டில் கிளினிக் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு கர்ப்பிணி அக்கா. ஒரு வாரமாகவே கீழேயிருந்து "டக் டக்" என்று ஒரு சத்தம் வந்ததாம். ரோடு அப்படித்தானே, எதுவோ ஆடுது என்று விட்டுவிட்டார். அன்றைக்குச் சிவப்பு விளக்கு எரிந்தது, எஞ்சின் நின்றது. அக்காவை த்ரீவீலில் ஏற்றி அனுப்பிவிட்டு, மாமா வண்டிச் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு மழையில் உட்கார்ந்திருந்தார்.

கராஜில் பாஸ் ஒயில் சம்ப்பைக் கழற்றிக் காட்டினார். கறுத்த ஒயிலுக்குள் மினுமினு என்று உலோகத் தூள். மாணிக்கக் கல் அரிக்கிற ஊர்க்காரருக்கு மினுக்கத்தைப் பார்த்தால் சந்தோஷம் வரவேண்டும். மாமாவுக்கு வயிறு கலங்கியது. விற்ற இடத்துக்குப் போன் எடுத்தார். அவர்கள் கேட்டது ஒரே கேள்வி: "ஒயில் மாத்தினீங்களா? பில் இருக்கா?"

மாத்தினார். பில் இல்லை. கதை அதோடு முடிந்தது. லீசிங் மட்டும் முடியவில்லை.

அந்தக் கேள்வி எங்களுக்குள் நின்றுவிட்டது. எஞ்சின் போனால் ஏன் முதலில் ஓட்டினவரைக் கேட்கிறார்கள்? தேடிப் போனோம். அந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கிறது, அது நிவித்திகலயைவிடப் பெரியது.

முதலில் எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். பிஸ்டனையும் கிராங்க் தண்டையும் இணைப்பது கொனெக்டிங் ரொட். அந்த ரொட் தண்டைப் பிடிக்கிற இடத்தில் மெல்லிய பெயாரிங் ஓடு. ஓடும் தண்டும் ஒன்றையொன்று நேராகத் தொடக்கூடாது. நடுவில் முடியைவிட மெல்லியதாய் ஒரு ஒயில் படலம் எப்போதும் இருக்கவேண்டும். தண்டுக்குள் துளைத்த சின்ன ஓட்டைகள் வழியாகத்தான் ஒயில் அங்கே போகிறது. அந்த ஓட்டை அடைத்தால், ஒயில் குறைந்தால், படலம் அறும். உலோகம் உலோகத்தில் உரசும். அதுதான் "டக் டக்". பிறகு பெயாரிங் சுழன்று, தண்டு இறுகி, சில நேரம் ரொட் உடைந்து எஞ்சின் உடம்பையே துளைத்துக்கொண்டு வெளியே வரும். சூடான ஒயில் எக்ஸோஸ்டில் கொட்டினால் தீ. ஒயில் மாற்றாவிட்டாலும் இது நடக்கலாம் என்பது உண்மை. அதனால்தான் அந்தக் கேள்வி கம்பனிகளுக்கு அவ்வளவு வசதியாக இருக்கிறது.

இனி அமெரிக்காவுக்குப் போவோம். ஹூண்டாய், கியா கம்பனிகளின் தீட்டா 2 என்ற எஞ்சின், 2.0 லீட்டர் டர்போவும் 2.4 லீட்டரும். சொனாட்டா, ஒப்டிமா கார்களிலும், சாந்தா ஃபே, சொரென்டோ, ஸ்போர்டேஜ் எஸ்யூவிகளிலும் இருந்தது. ஸ்போர்டேஜ் நம்ம ரோட்டிலும் ஓடுகிற பெயர்தான், எல்லா ஸ்போர்டேஜிலும் இந்த எஞ்சின் இல்லை என்பதையும் சொல்லிவிடவேண்டும். 2011 மொடலுக்குப் பிறகு அங்கே உரிமையாளர்கள் எழுதத் தொடங்கினார்கள்: ஹைவேயில் போகும்போது நின்றது, சத்தம் வந்தது, டீலர் எஞ்சின் மாற்றித் தரமாட்டேன் என்கிறான், ஒயில் மாற்றிய சான்று கேட்கிறான். அதே கேள்விதான், பாஷை மட்டும் வேறு.

2015 செப்டெம்பரில் ஹூண்டாய் ஏறத்தாழ 470,000 சொனாட்டாக்களைத் திருப்பி அழைத்தது. காரணமாகச் சொன்னது: அலபாமா தொழிற்சாலையில் கிராங்க் தண்டைக் கடையும்போது விழுந்த உலோகச் சிதறல்கள் முழுதாகச் சுத்தம் செய்யப்படவில்லை, அவை ஒயில் வழியை அடைக்கலாம். அதாவது வண்டி ஆளின் கைக்கு வருவதற்கு முன்னாலேயே பிழை உள்ளே இருந்திருக்கிறது. ஆனால் அதே எஞ்சின் உள்ள மற்ற வண்டிகளைக் கம்பனி தொடவில்லை.

இந்த இடத்தில்தான் கிம் குவாங்-ஹோ வருகிறார். ஹூண்டாயில் 20 வருஷத்துக்கு மேல் வேலை செய்த கொரிய எஞ்சினியர், தரப் பிரிவில் இருந்தவர். கம்பனி தெரிந்துகொண்டே பிரச்சினையைச் சின்னதாகக் காட்டுகிறது என்று முதலில் உள்ளேயே சொல்லிப் பார்த்தார். நடக்கவில்லை. 2016இல் உள்ளக ஆவணங்களோடு வாஷிங்டன் போய் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்திடம் கொடுத்தார். கொரிய அரசிடமும் கொடுத்தார். அதே வருஷம் நவம்பரில் வேலை போனது, கம்பனி இரகசியத்தை வெளியே விட்டார் என்று. வீட்டுக்குப் பொலிஸ் வந்தது.

2017 மார்ச் 31ஆம் திகதி இரண்டு கம்பனிகளும் அமெரிக்காவில் இன்னும் ஏறத்தாழ 12 இலட்சம் வண்டிகளைத் திருப்பி அழைத்தன. 2011 முதல் 2013 வரையான ஸ்போர்டேஜ் அதில் இருந்தது. அடுத்த மாதமே கொரியாவில் 170,000க்கு மேல். அதுவரைக்கும் கொரிய உரிமையாளர்களுக்கு, அது அலபாமாப் பிரச்சினை, நம்ம ஊரில் செய்த எஞ்சினுக்கு ஒன்றுமில்லை என்றுதான் சொல்லி வந்தார்கள். 2018இல் அமெரிக்காவின் வாகனப் பாதுகாப்பு மையம் என்ற மக்கள் அமைப்பு, மோதாமலேயே தீப்பிடித்த வண்டிகளின் முறைப்பாடுகளை அடுக்கி வைத்துக்கொண்டு, இன்னும் அழை என்று நெருக்கியது. 2020 நவம்பரில் அரசோடு உடன்படிக்கை: தாமதமாகவும் குறைவாகவும் திருப்பி அழைத்ததற்காக ஹூண்டாய்க்கு 140 மில்லியன் டொலர், கியாவுக்கு 70 மில்லியன் டொலர் என்று மொத்தத் தண்டம். அதில் ஒரு பகுதி கையில் கட்டவேண்டிய காசு, மீதி பாதுகாப்பு வேலைகளுக்குச் செலவழிக்கவும், வாக்கு மீறினால் கட்டவும் வேண்டியது. 2021 நவம்பரில் கிம்முக்கு 24 மில்லியன் டொலருக்கு மேல் வெகுமதி. அந்த நிர்வாகம் அப்படி ஒருவருக்குக் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

எங்களில் ஒருத்தர் இதைப் படித்துவிட்டு, "அப்ப நல்லவனுக்குக் கடைசியில நல்லது நடக்குது" என்றார். வேலை போய், வழக்குப் பயத்தில் இருந்த ஆளின் கணக்கை அப்படி முடிக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

அமெரிக்கர்களின் முறைப்பாட்டுக்கு மட்டும் ஏன் பல் இருந்தது? அவர்கள் நம்மைவிடச் சத்தமாகக் கத்தியதால் இல்லை. எண்ணுவதற்கு ஒரு இடம் இருந்தது. 1965இல் ரால்ஃப் நேடர் என்ற இளம் வழக்கறிஞர் அமெரிக்கக் கார்களின் ஆபத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். முதல் அத்தியாயம் ஜெனரல் மோட்டர்ஸின் கோர்வெயர் என்ற சின்னக் காரைப் பற்றியது. கம்பனி திருத்தியதா? அவருக்குப் பின்னால் துப்பறிவாளர்களை விட்டது. 1966 மார்ச்சில் கம்பனித் தலைவர் செனட் முன்னால் மன்னிப்புக் கேட்கவேண்டி வந்தது. அந்த வருஷம் செப்டெம்பரில் வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதுவரை வண்டி மோதினால் "ஓட்டினவன் சரியில்லை" என்பதே பதில். அந்தச் சட்டத்துக்குப் பிறகுதான் "வண்டி சரியா?" என்று கேட்க அரசுக்கு ஒரு அலுவலகம் கிடைத்தது. ஒரு ஆள் எழுதினால் அது புலம்பல். ஒரே மொடலைப் பற்றி ஆயிரம் பேர் எழுதி, அதை ஒருவர் எண்ணினால், "ஒயில் மாத்தினீங்களா?" என்ற கேள்வி ஆட்டம் காணும். ஆயிரம் பேருமா ஒயில் மாத்தவில்லை?

ஜப்பானிலும் அப்படி ஒரு இடம் உண்டு. ஹொண்டா வெசெல் 2013 டிசம்பரில் அங்கே விற்பனைக்கு வந்தது. 2014 பெப்ரவரிக்குள்ளேயே, ஏழு கியர் இரட்டைக் கிளச் பெட்டியின் கணினிப் பிழைக்காக ஃபிட் ஹைபிரிட்டோடு சேர்த்துத் திருப்பி அழைக்கப்பட்டது. ஜூலையில் மறுபடியும், இந்த முறை வண்டி தானாக வேகமெடுக்கலாம் என்று. ஒக்டோபரில் ஃபிட் ஹைபிரிட்டுக்கு ஐந்தாவது தடவை. தலைவர் இட்டோ தன் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டார், அடுத்த வருஷம் பதவியையும் விட்டார்.

அதே வருஷங்களில்தான் நம் நாட்டில் ஹைபிரிட்டுக்கு வரி குறைவாக இருந்தது, வெசெல் கப்பல் கப்பலாக இறங்கியது. இரத்தினபுரிக் கல் வியாபாரிகளின் முற்றத்தில் அது நிற்காத நாள் இல்லை. மலை ஏறும்போது கியர் பெட்டி சூடாகிறது என்ற பேச்சும் கூடவே வந்தது. ஜப்பானில் உரிமையாளரின் வீட்டுக்கு அறிவித்தல் கடிதம் போகும். வண்டி ஏலத்தில் போய், கப்பலேறி, ஹம்பாந்தோட்டையில் இறங்கி, கார் சேல் வழியாக மூன்றாவது கைக்கு வந்தபின் அந்தக் கடிதம் எந்த விலாசத்துக்கு வரும்? இறக்குமதி செய்தவர் கம்பனியின் ஏஜென்ட் இல்லை. ஏஜென்ட் அந்த வண்டியை விற்கவில்லை. நடுவில் நிற்பது நாங்கள். ஏலத் தாளை வைத்துத் தேடலாம் என்பார்கள். மூன்றாவது கைக்கு வரும்போது ஏலத் தாளும் இருப்பதில்லை, மீட்டர் காட்டுகிற கிலோமீட்டரையும் நம்பமுடிவதில்லை.

நம் நாட்டில் உரிமையாளர்கள் கூட்டமாக முறையிட்டு ஓரளவாவது காது கேட்ட ஒரு தடவை உண்டு, அது 2011. தரமில்லாத பெற்றோல் வந்து செட்டுகளுக்குப் போய், வண்டிகள் வரிசையாக நின்றன. பெற்றோல் பம்ப் போனது என்று நாடெங்கும் ஒரே கதை. கார்க்காரர், த்ரீவீல்காரர், பைக்காரர் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். பெற்றோலியக் கூட்டுத்தாபனம் நட்டஈட்டு விண்ணப்பங்களை எடுக்கவேண்டி வந்தது. 2017 நவம்பரில் ஒரு கப்பல் பெற்றோல் தரம் இல்லை என்று திருப்பப்பட்டது. நாட்டில் பெற்றோலே இல்லாமல் போய், செட்டுக்கு முன்னால் கானோடு வரிசையில் நின்றோமே, ஞாபகம் இருக்கும். அன்றைக்குத் திட்டினோம். 2011ஐப் பற்றிப் படித்தபின் திருப்பினது சரிதான் என்று படுகிறது.

தனி ஆளின் எஞ்சினுக்கு என்ன இருக்கிறது? 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம், இங்கிலாந்தின் 1893 சட்டத்தைப் பார்த்து எழுதியது. அதை வைத்து வழக்காட வக்கீலும் காசும் வருஷங்களும் வேண்டும். 2003இன் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் கொஞ்சம் கிட்ட வருகிறது: எழுத்தில் முறைப்பாடு கொடுக்கலாம், விசாரிப்பார்கள். ஆனால் வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்கவேண்டும். பெயாரிங் மூன்று மாதத்துக்குள் போனால் நம் அதிர்ஷ்டம். மாமாவுடையது இரண்டாவது வருஷத்தில் போனது.

அவர் வாங்கிய காலத்தையும் சொல்லவேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது, தனியார் கார்களுக்கு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில். நடுவில் புதிதாக ஒன்றும் வராததால் பழைய வண்டி தங்கம்போல விலை ஏறியது. 2021இல் மாமா கொடுத்த விலை, அதே வண்டி இறங்கியபோது இருந்ததைவிடக் கூட. அத்தையின் நகை அடகுக்குப் போனது, மீதிக்கு லீசிங். 2022இல் பெற்றோல் கியூ, கியூஆர் கோட்டா, ஹயர் ஓட்ட முடியாமல் வண்டி மாதக்கணக்கில் நின்றது. தவணை நிற்கவில்லை. வாகனப் புத்தகத்தைப் பாருங்கள்: மாமா "பதிவு உரிமையாளர்". "முழு உரிமையாளர்" என்ற இடத்தில் நிதிக் கம்பனியின் பெயர். எஞ்சின் போனால் பதிவு உரிமையாளருக்கு, வண்டியைத் தூக்குவதென்றால் முழு உரிமையாளருக்கு.

பில்லைப் பற்றி இன்னொன்று. எங்கள் ஆட்களுக்குத் தாள் சேர்த்து வைக்கும் பழக்கம் இல்லை என்று ஒரு நண்பர் சொன்னார். எங்களுக்குக் கோபம் வந்தது. தோட்டத்தில் தாள் எப்போதும் மற்றவர் கையில்தானே இருந்தது? செக்ரோல் ஒபிஸில். கொழுந்து எத்தனை கிலோ, பால் எத்தனை லீட்டர் என்று எழுதுகிறவர் கணக்கப்பிள்ளை. குறைத்து எழுதினால் காட்டுவதற்கு நம்மிடம் வாய் மட்டும் இருந்தது. 1923இல் இந்திய அரசின் ஏஜென்ட் கண்டிக்கு வந்தபிறகு தோட்டத்து ஆட்கள் அவருக்குப் பெட்டிஷன் எழுதினார்கள், எழுதத் தெரியாதவர்கள் எழுதிக்கொடுப்பவரைப் பிடித்தார்கள். முறையிடத் தெரியாத சனம் இல்லை நாங்கள். நிவித்திகலயில் வீதியோரக் கராஜில் ஒயில் மாற்றினால் பில் கேட்கவேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். பாஸிடம் கேட்டால் அவரும் சிரிப்பார்: "என்னத்துக்கு தம்பி பில்?"

மாமா ஒரு பழைய எஞ்சினை வாங்கிப் போட்டார். அதற்கு அத்தையின் மிச்ச நகையும் போனது. வண்டி இப்போது ஓடுகிறது, கொஞ்சம் புகையோடு. டேஷ்போர்டுக்குள் 80 பக்க எக்ஸசைஸ் புத்தகம் ஒன்று இருக்கிறது. திகதி, கிலோமீட்டர், எந்த ஒயில், எத்தனை லீட்டர், பக்கத்தில் பாஸின் கையெழுத்து. நாங்கள் போன கிழமை பார்த்தபோது ஒன்பதாவது பக்கத்தில் இருந்தார். லீசிங்கில் இன்னும் பதினாறு தவணை.