பொய்யுரையாத சாட்சிகள்

சாட்சி கூறுவோர் இருவகையினர் என்றே மனிதகுலம் நெடுங்காலம் எண்ணி வந்துள்ளது. உண்மை உரைப்போர் ஒரு வகை. பொய் உரைப்போர் மறு வகை. தானியேல் நூலில் வரும் சூசன்னா வரலாற்றை நாம் அறிவோம். அவள்மீது பழி சுமத்திய முதியோர் இருவரையும் தானியேல் தனித்தனியே நிறுத்தி, எந்த மரத்தடியில் அவளைக் கண்டனர் என வினவினார். ஒருவர் ஒரு மரத்தைச் சொன்னார். மற்றவர் வேறொன்றைச் சொன்னார். பொய் வெளிப்பட்டது, மாசற்ற உயிர் காக்கப்பட்டது.

பொய்யரைக் கண்டறிய இம்முறை போதும். ஆனால் சாட்சிகள் நேர்மையானவர்களாய் இருந்து, நல்லெண்ணத்தோடே தவறிவிட்டால் என்ன செய்வது? தனித்தனியே வினவினாலும் அவர்கள் ஒரே விடையைத்தானே தருவார்கள்? இவ்வினாவை இங்கிலாந்து நாட்டு நீதித்துறைக்கு முன் நிறுத்தியது, அடால்ஃப் பெக் என்னும் நார்வே நாட்டவரின் துயர வரலாறு.

1895 டிசம்பரில், இலண்டன் விக்டோரியா தெருவில், தம் கடிகாரங்களையும் மோதிரங்களையும் ஏமாற்றிப் பறித்தவர் இவரே என்று ஒரு பெண் பெக்கை வழிமறித்தார். முன்பின் அறியாத பெண் தொல்லை தருவதாகப் பெக் தாமே காவலரிடம் முறையிட்டார், கைதானவரோ அவரே. அந்நாள்களில் ஒருவன் பிரபுவாக நடித்துப் பெண்களோடு பழகி, ஆடை வாங்கச் செல்லாக் காசோலை தந்து, புது மோதிரத்துக்கு அளவு வேண்டும் என்று அவர்களுடைய மோதிரங்களை வாங்கிக்கொண்டு மறைந்துவந்தான்.

ஏமாந்த பெண்களை அழைத்து அடையாள அணிவகுப்பு நடத்தினார்கள். தெருவில் சென்ற ஆடவர் சிலரைக் கூட்டிவந்து பெக்கோடு நிறுத்தினார்கள். அவரைப்போல் நரைத்த தலையும் மீசையும் உடையவர் அவ்வரிசையில் வேறெவரும் இல்லை. பத்துக்குக் குறையாத பெண்கள் அவரையே சுட்டினர். 1877-இல் இதே வகை மோசடிக்காக ஜான் ஸ்மித் என்பவனைக் கைது செய்திருந்த முன்னாள் காவலர் ஒருவரும், அந்த ஸ்மித்தே இவர் எனக் கீழ்மன்றத்தில் ஆணையிட்டுக் கூறினார்.

பெக்கிடம் வலிமையான மறுப்பு ஒன்று இருந்தது. 1877-இல் அவர் தென் அமெரிக்காவில் இருந்தார். ஆனால் 1896 மார்ச்சில் நடந்த விசாரணையில், பழைய வழக்கைப் பற்றிய வினாக்களை நீதிபதி அனுமதிக்கவில்லை. 1877-இல் ஸ்மித்துக்கு எதிராக வழக்கு நடத்திய அரசு வழக்கறிஞரும் இந்நீதிபதியே என்பது வியப்புக்குரியது. பெக்குக்கு ஏழாண்டுக் கடுஞ்சிறை கிடைத்தது.

1898-இல் ஓர் உண்மை தெரியவந்தது. ஸ்மித் விருத்தசேதனம் பெற்றவன் எனச் சிறைப் பதிவேடு கூறியது, பெக் பெறாதவர். ஆகவே இருவரும் ஒருவர் அல்லர். அதிகாரிகள் என்ன செய்தார்கள்? பழைய தண்டனைக் குறிப்பைப் பெக்கின் ஏட்டிலிருந்து நீக்கினார்கள். பெக்கைச் சிறையிலிருந்து நீக்கவில்லை. பெண்களின் சாட்சியம் அசையாமல் நிற்கிறது என்றே கருதினார்கள்.

1901-இல் விடுதலை பெற்றவரை 1904-இல் மீண்டும் கைது செய்தனர். இம்முறையும் ஐந்து பெண்கள் அவரையே சுட்டினர். சான்றாயர் மீண்டும் குற்றவாளி என்றனர். ஆனால் நீதிபதிக்கு ஐயம் எழுந்தது, தண்டனையைத் தள்ளிவைத்தார். பெக் காவலில் இருந்தபோதே, ஜூலை மாதத்தில், அதே மோசடி வெளியே நடந்தது. ஏமாற்றிப் பறித்த மோதிரங்களை அடகு வைக்க முயன்றவன் பிடிபட்டான். அவனே பழைய ஸ்மித். பெக்குக்கு மன்னிப்பும், பின்னர் 5,000 பவுன் இழப்பீடும் கிடைத்தன. செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு! அவர் 1909-இல் இறந்தார்.

அப்பெண்களுள் எவரும் பொய் சொல்லவில்லை என்பதை நாம் ஆழ்ந்து சிந்திக்க வேண்டும். ஏமாற்றப்பட்டது மெய், அவர்தம் சினமும் கண்ணீரும் மெய். எனினும் 'இவ்வரிசையில் அவன் இருக்கிறானா?' என்ற கேள்வி, 'இவர்களுள் அவனை ஒத்தவர் யார்?' என அவர்கள் உள்ளத்தில் மாறிவிட்டது. ஒருமுறை சுட்டியபின் நினைவிலிருந்த மங்கலான முகம் மறைந்து, எதிரே நின்ற முகமே அங்கே அமர்ந்துகொண்டது. அதன்பின் உறுதி வளர்ந்தது, உண்மை வளரவில்லை. ஒரே குறையுள்ள வரிசையைப் பத்துப் பேர் கண்டால் கிடைப்பது பத்துச் சான்றுகள் அல்ல. ஒரே பிழையின் பத்துப் படிகள்.

பெக்கின் துன்பம் வீண்போகவில்லை. 1907-ஆம் ஆண்டுச் சட்டத்தால் இங்கிலாந்தில் குற்றவியல் மேல்முறையீட்டு மன்றம் உருவாயிற்று. ஆயினும் பிழைகள் தொடர்ந்தன. 1976-இல் டெவ்லின் பிரபு தலைமையிலான குழு இச்சிக்கலை ஆராய்ந்து அறிக்கை அளித்தது. அதே ஆண்டு டர்ன்புல் வழக்கில் மேல்முறையீட்டு மன்றம் ஒரு நெறி வகுத்தது: வழக்கு அடையாளச் சாட்சியத்தையே பெரிதும் சார்ந்து, எதிரி அதனை மறுத்தால், நீதிபதி சான்றாயரை எச்சரிக்க வேண்டும், நம்பத்தக்க சாட்சியும் தவறக்கூடும், அத்தகைய பலரும் ஒருங்கே தவறக்கூடும் என உணர்த்த வேண்டும். எவ்வளவு தொலைவில், எவ்வெளிச்சத்தில், எவ்வளவு நேரம் கண்டார் என்பதையும் ஆராயச் செய்ய வேண்டும்.

பொய்ச்சாட்சி பாவம் என்று நாம் கற்றிருக்கிறோம். பொய் என்பது உள்ளத்தின் கேடு. பிழை என்பது மனிதரின் வரம்பு. பிழைத்த சாட்சியை நாம் பழிக்க வேண்டியதில்லை. ஆனால் அப்பிழையால் சிறைப்பட்டவருக்கு இரண்டும் ஒன்றே. அவர் இழந்த ஆண்டுகள் திரும்புவதில்லை. ஆகவே ஒருவரைச் சுட்டி 'இவரே' என்னுமுன், 'நாம் உண்மையில் கண்டது எவ்வளவு?' என்று நம்மையே வினவுவது அடுத்தவருக்கு நாம் செலுத்தவேண்டிய நீதிக்கடனாகும்.