குடியிருப்புச் சான்றும் நம் மக்களும்

ஒருவர் எவ்வூரினர் என்னும் வினா எளியதாகத் தோன்றும். ஆயினும் அரசு அலுவலகத்தின் வாயிலில் அதற்கு ஒரே விடை இல்லை. வாக்களிப்பதற்கு ஒரு விடை, வேலைக்கு ஒரு விடை, கல்லூரி இடத்திற்கு ஒரு விடை, சாதிச் சான்றுக்கு மற்றொரு விடை எனச் சட்டம் வகுத்துள்ளது. இவ்வேறுபாட்டை அறியாமையால் உரிமை இழப்போர் நம்மிடையே உளராதலின், அதன் வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாக நோக்குவோம்.

முதலாவது வாக்குரிமை. 1935ஆம் ஆண்டு இந்திய அரசாங்கச் சட்டத்தின்கீழ்ச் சொத்து, வரி, எழுத்தறிவு முதலிய தகுதிகள் உடையோர்க்கே வாக்கு இருந்தது. நிலமற்ற நம் முன்னோருள் மிகப் பெரும்பாலோர் வெளியே நின்றனர். அரசியலமைப்பு அத்தடையைத் தகர்த்தது. 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் ஒரு தொகுதியில் வழக்கமாக வசித்தலையே அளவுகோலாக்கியது. ஓரிடத்தில் வீடு உடைமையாக இருப்பதனால் மட்டுமே ஒருவர் அங்கு வசிப்பவர் ஆகிவிடார் என அச்சட்டத்தின் 20ஆம் பிரிவு உரைக்கின்றது. மாளிகை உடையானுக்கும் குடிசையில் வாழ்வோனுக்கும் இங்கு அளவுகோல் ஒன்றே.

இரண்டாவது வேலை. ஐதராபாத் சமஸ்தானத்தில் அரசுப் பணிக்குப் பதினைந்து ஆண்டுக் குடியிருப்பை வேண்டிய முல்கி விதிகள் இருந்தன. அரசியலமைப்பின் 16ஆம் உறுப்போ, பிறந்த இடத்தையோ வசிப்பிடத்தையோ காரணமாகக் காட்டி அரசுப் பணியில் வேற்றுமை காட்டலாகாது என்றது. விலக்கு அளிக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்திற்கே உண்டு என்றும் வரையறுத்தது. அவ்வதிகாரத்தைக் கொண்டு 1957இல் இயற்றப்பட்ட சட்டத்தின் தெலங்கானா பற்றிய பகுதியை உச்ச நீதிமன்றம் 1969இல் செல்லாதென்றது.

மூன்றாவது கல்வி. 15ஆம் உறுப்பு பிறந்த இடத்தைக் கூறுகின்றதேயன்றி வசிப்பிடத்தைக் கூறவில்லை. ஆகவே வசிப்பிடம் பற்றிய சலுகை கல்லூரிகளில் செல்லும் என 1955இல் மத்திய பாரத வழக்கில் தீர்ப்பாயிற்று. மருத்துவ முதுநிலைப் படிப்பில் அத்தகைய ஒதுக்கீடு செல்லாதென 2025 சனவரியில் உச்ச நீதிமன்றம் உரைத்தது.

நான்காவதே நம் சமுதாயத்தை நேரே தொடுவது. அரசியலமைப்பின் 341ஆம் உறுப்பின்படி, குடியரசுத் தலைவர் 10-8-1950 அன்று பட்டியல் சாதியினர் ஆணையை வெளியிட்டார். பட்டியல் நாடு முழுமைக்கும் ஒன்றன்று, மாநிலந்தோறும் வெவ்வேறு. அவ்வவ்விடத்தில் வசிப்போர்க்கே அது பொருந்தும். கன்னியாகுமரி மாவட்டத்திலும் செங்கோட்டை வட்டத்திலும் வண்ணார் பட்டியல் சாதியினர். தமிழகத்தின் பிற பகுதிகளில் அவர்கள் அப்பட்டியலில் இல்லை. திருவிதாங்கூர் ஆட்சியின் பழைய எல்லை, 1956ஆம் ஆண்டு மாநிலச் சீரமைப்பிற்குப் பின்னும் பட்டியலில் நிலைத்துவிட்டது.

வசிப்பது என்றால் யாது? அது நிலையான குடியிருப்பைக் குறிக்கும் என்றும், ஆணை பிறந்த நாளில் பிழைப்பிற்காகவோ படிப்பிற்காகவோ தற்காலிகமாக வெளியே இருந்தோர் சொந்த ஊரினராகவே கொள்ளப்படுவர் என்றும், அதன்பின் பிறந்தோர்க்கு அந்நாளில் பெற்றோர் நிலையாக வாழ்ந்த இடமே கணக்கு என்றும் நடுவணரசு 1977இல் விளக்கியது.

கோலார் தங்கவயலை எண்ணிப் பார்ப்போம். வட ஆற்காட்டிலிருந்து நம் மக்கள் தலைமுறை தலைமுறையாக அங்குச் சென்று சுரங்கத்தில் உழைத்தனர். 1950ஆம் ஆண்டு மைசூர்ப் பட்டியலில் ஆதிதிராவிடர் இடம் பெற்றிருந்தனர். எனவே அந்நாளுக்கு முன் அங்கு நிலைகொண்ட குடும்பத்தார் அம்மாநிலத்தின் பட்டியல் சாதியினர். பின்னர்ச் சென்று அடுத்த வீட்டில் குடியேறியோரின் மக்களோ தமிழகத்திற்கு உரியோராகவே கருதப்படுவர். சாதி ஒன்று, உழைப்பு ஒன்று, இழிவும் ஒன்று; பாட்டனார் வந்து சேர்ந்த ஆண்டு பேரனின் உரிமையைத் தீர்மானிக்கின்றது.

குடிபெயர்ந்தோரின் மக்களுக்கு, தந்தையின் சொந்த மாநிலச் சான்றைக் கொண்டு அவர்கள் வாழும் மாநில அலுவலரே சான்று வழங்கலாம் என 1982இல் வழி செய்யப்பட்டது. ஆயினும் சொந்த மாநிலத்தின் சலுகைகளே அவர்களுக்கு உரியன என 1985இல் தெளிவுறுத்தப்பட்டது. ஆந்திரத்திலிருந்து மும்பை சென்ற பழங்குடி மாணவர் ஒருவரின் மருத்துவக் கல்லூரி வழக்கில், 1990இல் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு இக்கொள்கையை உறுதி செய்தது. 2018இல் மற்றோர் ஐவர் அமர்வும் மாநிலப் பணிகளுக்கு அதனையே வலியுறுத்தியது. ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு சாதியார் படும் இன்னல் ஒரே அளவினதன்று என்பது நீதிமன்றம் கூறிய காரணம். எல்லை கடந்தவுடன் தீண்டாமை நீங்கிவிடுகின்றதா என்பது நம் வினா.

சட்டம் மாறும்வரை நாம் செய்யத்தக்கது ஒன்றுண்டு. பட்டாவும் வரி ரசீதும் இல்லாத நம் குடும்பங்கள் பலவற்றிற்குப் பள்ளிச் சேர்க்கைப் பதிவேடே முதல் எழுத்துச் சான்று. அப்பதிவேட்டில் தாத்தாவின் பெயர் ஒரு வரியாக இருப்பினும் பேரனுக்கு அது துணையாகும். ஆகவே பிள்ளையைப் பள்ளியிற் சேர்த்தல் கல்விக்கு மட்டுமன்று, குடியுரிமையின் வேரை ஊன்றுதற்கும் ஆம். மாற்றுச் சான்றிதழ், பெற்றோரின் சாதிச் சான்று, குடும்ப அட்டை, பழைய வாக்காளர் பட்டியலின் படி ஆகியவற்றைப் போற்றிக் காப்போமாக. வெளிமாநிலம் செல்லும் உறவினர் அவற்றின் படிகளை உடன் கொண்டு செல்லுமாறும் அறிவுறுத்துவோமாக.