கணினிக் கல்வி தோன்றிய வரலாறு

புதியதொரு கலை உலகில் தோன்றும்பொழுது அதனைக் கற்பிக்க நூலும் இராது, ஆசிரியரும் இரார். அதனை ஆக்கியவரே முதலாசிரியராகவும் அமைதல் வேண்டும். கணினி விஞ்ஞானம் பல்கலைக்கழகப் பாடமாகிய வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

இங்கிலாந்தின் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1937ஆம் ஆண்டில் கணித ஆய்வுகூடம் ஒன்று நிறுவப்பட்டது. 1945இல் மொறிஸ் வில்க்ஸ் என்பார் அதன் பணிப்பாளரானார். அவர்தம் குழுவினர் ஆக்கிய எட்சாக் என்னும் கணினி 1949ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் நாள் முதன்முதலாக இயங்கி, எண்களின் வர்க்கங்களை அட்டவணையாகத் தந்தது. பழைய வானொலிப் பெட்டிகளில் நாம் கண்ட வால்வுகளைப் போன்றவை ஏறத்தாழ 3,000 அதனுள் இருந்தன.

பொறி இயங்கிற்று, அதனை ஏவுவார் யார்? பல துறை ஆய்வாளரும் தத்தம் கணக்குகளுடன் ஆய்வுகூடத்தை நாடினர். எனவே 1950இல் கோடைகால வகுப்பொன்று நடத்தப்பட்டது. 1951இல் வில்க்ஸ், வீலர், கில் ஆகிய மூவரும் நிரல் எழுதும் முறைபற்றி நூலொன்று வெளியிட்டனர். 1953ஆம் ஆண்டு ஒக்டோபரில், பட்டதாரிகளுக்கென ஓராண்டு டிப்ளோமாப் பாடநெறி ஆரம்பமாயிற்று. கணினித்துறையில் ஒழுங்காக அமைந்த முதற் பாடநெறி இதுவே என்பர்.

பொறியை இயக்கும் கைத்திறனைக் கற்பித்தல் பல்கலைக்கழகத்தின் பணியாகுமா என நாம் ஐயுறலாம். அப்பாடநெறியின் பெயரிலேயே விடை உண்டு. ‘எண்சார் பகுப்பாய்வும் தன்னியக்கக் கணிப்பும்’ என்பது அதன் பெயர். கணக்கைத் தீர்க்கும் நெறி முன்னே நின்றது; பொறி பின்னே வந்தது.

1958ஆம் ஆண்டு யூலை மாதத்தில் எட்சாக் நிறுத்தப்பட்டது. அப்பொறியின் கட்டளைகளை மட்டும் கற்றவர்க்கு அன்றே அக்கல்வி பயனற்றுப் போயிருக்கும். பாடநெறியோ பின்னர்க் கணினி விஞ்ஞானம் எனப் பெயர் மாறி, 2008 வரை நிலைபெற்றது. ஒன்பதாண்டு வாழ்ந்தது பொறி. ஐம்பத்தைந்து ஆண்டு வாழ்ந்தது கல்வி.

அமெரிக்காவின் பேர்டியூ பல்கலைக்கழகம் 1962இல் கணினி விஞ்ஞானத்துக்கெனத் தனித் துறையொன்றை நிறுவியது. 1968இல் அந்நாட்டுக் கணினியாளர் சங்கம் 22 பாடங்கள் கொண்ட திட்டமொன்றை வெளியிட்டது. அதனோடு கணிதப் பயிற்சியையும் அது வற்புறுத்தியது.

உயர்தரப் பரீட்சை எழுதிய மாணாக்கர் இன்று எம்மிடம் வந்து, “எந்த நிரல்மொழியைக் கற்றால் விரைவில் தொழில் கிடைக்கும், ஐயா?” என்று வினவுகின்றனர். அவர்தம் குடும்ப நிலையை அறிந்த நாம் அவ்வினாவை இகழ்தல் தகாது. ஆயினும் ஒரு பாடநெறியைத் தெரிவுசெய்யுமுன், “இப்பொறி மறைந்த பின்னும் இக்கல்வி எனக்கு உதவுமா?” என்னும் வினாவையும் அவர்கள் கேட்டறிதல் நன்று. பாடநெறி வகுப்போருக்கும் அவ்வினாவே உரியது.