கையில் சரஸ்வதி, கையில் பிரம்படி

ஆரம்பப் பள்ளிக்கூடத்துல, போர்டு ஓரத்துல 'பேசியவர்கள்'னு எழுதி லீடர் பேர் குறிச்சு வச்சது ஞாபகம் இருக்கா? என் பேர் தினமும் இருக்கும். அந்த லீடருக்கு ஒரு முன்னோர் உண்டு: திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளை. இன்னைக்குக் கதை அந்தக் காலத்துலேருந்து தொடங்குது.

1822-ல் சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ, ஊர்ப் பள்ளிக்கூடங்களைப் பற்றி கலெக்டர்களிடம் தகவல் கேட்டார். அடுத்த வருஷம் பெல்லாரி கலெக்டர் கேம்பல் எழுதிய பதிலில் ஒரு காட்சி வருகிறது. காலையில் முதலில் வரும் பையனின் உள்ளங்கையில் 'சரஸ்வதி' என்று எழுதுவார்கள். இரண்டாமவன் கையில் ஒரு சுழி. பாராட்டும் இல்லை, கண்டிப்பும் இல்லை. மூன்றாமவனுக்கு மெதுவாக ஒரு அடி, நாலாமவனுக்கு இரண்டு. அதற்கப்புறம் ஆளுக்கு ஒன்று கூடும்.

கணக்குப் போட்டுப் பாருங்க. 30 பேர் இருந்தா, கடைசிப் பையனுக்கு 28 அடி. எல்லாருமே விடியறதுக்கு முன்னாடி வந்தாலும் யாராவது ஒருத்தன் கடைசியா வந்துதானே ஆகணும்? ஒருத்தனைப் பாராட்ட, மத்த எல்லாரும் தோத்தாகணும். ஏன் லேட்டுன்னு கேக்க அந்த முறையில இடமே இல்ல.

எங்க தாத்தாவுக்கு அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவுல ஒரு கரிசல் கிராமம். மழையை நம்பின ஊர். காலையில ஊருணித் தண்ணி எடுத்துக் கொடுத்து, ஆட்டை மேய்ச்சலுக்குப் பத்திவிட்டுட்டுதான் பள்ளிக்கூடம். தினமும் லேட்டு, தினமும் பிரம்படி. பாதி நாள் போகவே மாட்டாராம்.

1956-ல் காமராஜர் ஆட்சியில் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. அது தாத்தா ஊருக்கும் வந்து சேர்ந்தது. "சோறு போட்டாக, போனேன்"னு சொல்வார். அதே சமயத்துல புதுசா வந்த வாத்தியார் ஒருத்தர் அடிக்கல. "ஏம்ப்பா லேட்டு?"ன்னு கேட்டாராம். பதிலைக் கேட்டுட்டு, காலை மணி அடிக்கிற வேலையைத் தாத்தாகிட்டயே கொடுத்துட்டார். அதுக்கப்புறம் தாத்தா லேட்டாப் போனதே இல்ல.

இந்தக் கதையை நான் எல்லார்கிட்டயும் பெருமையாச் சொல்வேன். போன பொங்கலுக்குத்தான் கேக்கத் தோணுச்சு: "அப்போ ஆட்டை யாரு பாத்தா தாத்தா?"

கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "எங்க அக்கா"ன்னார். அந்தப் பாட்டி கடைசி வரைக்கும் கைநாட்டுதான்.

2009-ன் கல்வி உரிமைச் சட்டம், பிள்ளைகளை அடிப்பதையும் மனதளவில் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. இப்போ நிறைய வகுப்புகள்ல ஸ்டார், ஸ்டிக்கர் எல்லாம் தராங்க. நல்லதுதான். ஆனா ஸ்டார் வாங்காத பிள்ளைகிட்ட, காலையில வீட்ல என்ன நடந்துச்சுன்னு யாராவது கேக்கணும். கூடவே, வகுப்புக்கே வராத பிள்ளை எங்கேன்னும் கேக்கணும்.

உங்க வகுப்புல தினமும் லேட்டா வந்தது யாரு? ஏன்னு தெரியுமா? எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.